செத்தே என்றால் ஏழு

இத்தாலி என்று எழுதும்போதே நாம் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போடுகிறோம். அந்த நாட்டார் எழுதும் பெயரில் 'த' ஒன்றுதான். நாமும் ஒன்றே போட்டு 'இதாலி' என்று எழுதினால், 'இது' என்பதில் வருவதுபோல அந்தத் 'த' மெலிந்துவிடும். வல்லோசை வேண்டுமென்றால் தமிழில் இரட்டித்தாக வேண்டும். இந்தச் சங்கதி பிடிபட்டால், இத்தாலிய உச்சரிப்பில் தமிழருக்கு எது லாபம், எது நட்டம் என்பது பாதி விளங்கிவிடும். எனக்கு விளங்க எட்டு மாதம் ஆயிற்று. காரணம், நான் ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கப் போனேன்.

நான் வாணியம்பாடிக்காரன். ஆம்பூரில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், இயந்திரப் பராமரிப்பு வேலை. எங்கள் கூடத்தில் நிற்கும் இயந்திரங்களில் முக்கால்வாசி இத்தாலியிலிருந்து வந்தவை. கையேடு ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் அந்த ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள முதலில் இத்தாலியம் தெரிந்திருக்க வேண்டும், அப்படி ஒரு மொழிபெயர்ப்பு. 41 வயதில் படிக்கத் தொடங்கினேன். ஒன்றரை ஆண்டு கழித்து நான்கு மாதப் பயிற்சிக்காக சாந்தா க்ரோச்சே என்ற ஊருக்குப் போனேன். பீசாவுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நடுவே ஆர்னோ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. காற்றில் மூக்கை நீட்டினாலே தோல் தொழில் தெரியும். நம் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள் அல்லவா, அங்கே இன்றும் செஸ்ட்நட் மரச்சாற்றில் ஊறப்போடுகிறார்கள். அந்த வாசனையில் எனக்கு வீட்டு நினைப்பு வந்தது.

எனவே, தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஆங்கிலத்தைத் தரகராக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் கைப்பேசிச் செயலி ஒன்றில் ஆரம்பித்தேன். 'மி பியாச்சே இல் கஃபே' என்ற வாக்கியத்தை அது 'நான் காபியை விரும்புகிறேன்' என்ற பொருள்படும் ஆங்கிலத்தில் கொடுத்தது. 'நான்' என்ற சொல் இந்த வாக்கியத்தில் எங்கே என்று மூன்று நாள் தேடினேன். இல்லாத சொல்லை எங்கே தேடுவது? 'மி' என்றால் 'எனக்கு'. எனக்குக் காபி பிடிக்கும். அவ்வளவுதான். தமிழில் என்ன சொல்வோமோ அதையேதான் அவர்களும் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று குழப்பியது மூன்றாவது ஆள்.

இந்த 'எனக்கு' வகை வாக்கியங்களை முதல் மாதத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள், கையில் காசு மாதிரி உதவும். 'மி செர்வே' என்றால் எனக்குத் தேவை. 'மி செம்ப்ரா' என்றால் எனக்குத் தோன்றுகிறது. 'மி ஃபா மாலே லா தெஸ்தா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. 'மி மான்கா ஊனா வீத்தே' என்றால் எனக்கு ஒரு திருகு குறைகிறது. இதை நான் வாரத்துக்கு நான்கு முறை சொல்லியிருப்பேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பிடிக்கும் பொருள் பலவாக இருந்தால் 'பியாச்சே' என்பது 'பியாச்சொனோ' ஆகும்.

வினைச்சொல்லும் நம் வீட்டுப் பிள்ளைதான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று விகுதியைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிப்பது நமக்குப் பழக்கம். அங்கேயும் பார்லோ, பார்லி, பார்லா, பர்லியாமோ, பர்லாத்தே, பார்லனோ. 'நான்', 'நீ' என்று முன்னால் ஒட்டவைக்கத் தேவையில்லை. ஒட்டவைத்தால் 'நானாக்கும்' என்று அழுத்திச் சொல்வதாக ஆகிவிடும். எண்களில்கூட ஒரு வேடிக்கை உண்டு. இருபது 'வெந்தி', ஒன்று 'ஊனோ'. இரண்டும் சேர்ந்தால் முன்சொல்லின் கடைசி உயிர் ஓடிப்போய் 'வெந்தூனோ'. எட்டு சேர்ந்தால் 'வெந்தொத்தோ'. இருபத்தொன்று, இருபத்தெட்டு என்று நாம் சேர்ப்பது போலத்தான். புணர்ச்சி விதிக்காகப் பள்ளியில் வாங்கிய அடி வீண்போகவில்லை.

சரி, ஒலிக்கு வருகிறேன். முதல் வாரம் ஒரு சொல்லுக்கும் பொருள் தேடாதீர்கள். வாய்விட்டு வாசிக்க மட்டும் பழகுங்கள். இத்தாலிய நெடுங்கணக்கில் எழுத்துகள் 21தான், எழுதியதை எழுதியபடி சொல்லலாம். 'சி' எழுத்து அ, ஒ, உ ஒலிகளுக்கு முன் 'க'. எ, இ ஒலிகளுக்கு முன் 'ச்ச'. நடுவில் 'ஹெச்' வந்து உட்கார்ந்தால் திரும்பவும் 'க'. 'ஜி' எழுத்துக்கும் இதே ஏற்பாடு. ஹெச்சுக்குத் தனியாகக் குரல் கிடையாது, வாயிற்காவலர் மாதிரி நிற்கும். ஜி-யும் என்-னும் சேர்ந்து வந்தால் நம் 'ஞ'. குளியலறை 'பாஞ்ஞோ'. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இந்த ஒலிக்கு ஒரு வாரம் உழைக்கிறார்; நமக்கு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தால் போதும்.

அடுத்தது ஒற்றையும் இரட்டையும். இத்தாலிய மொழியின் உயிர் இங்கே இருக்கிறது. 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பல்லா' என்றால் பந்து. 'பானே' ரொட்டி, 'பன்னா' பாலேடு. இரட்டை எழுத்துக்கு முன்னால் உயிர் குறுகும், ஒற்றைக்கு முன்னால் நீளும். பாடு, பட்டு என்று பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற நமக்கு இதில் பாடமே தேவையில்லை. என்னோடு பயிற்சிக்கு வந்த வேறு நாட்டு இளைஞர் ஒருவர், தம் வயதைச் சொல்லும்போது 'ஆண்டு' என்ற சொல்லில் இரட்டை 'ன'வை ஒற்றையாக்கிவிட்டார். அது மலவாயைக் குறிக்கும் சொல். தமக்கு அவை 26 இருப்பதாக அவர் அறிவித்ததும் கூடமே சிரித்தது. நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெருமை மாலை வரை நீடிக்கவில்லை. காபிக் கடையில் நின்று, தாகமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். கடைக்காரர் புருவத்தைத் தூக்கி, 'ஏழு என்ன?' என்றார்.

சிக்கல் இதுதான். மூன்று சொற்கள் இருக்கின்றன. தலைமை அலுவலகம் என்ற சொல்லை நாம் எழுதினால் 'சேதே'. இதில் வருவது 'அது' என்பதில் வரும் மெல்லிய த. ஏழு என்ற சொல் 'செத்தே'. ஆம், அப்படித்தான் ஒலிக்கும், முதலில் சிரிப்பு வரும். இரண்டுக்கும் நடுவில் தாகம். அதற்குத் 'தேன்' என்பதில் வரும் வல்லோசை வேண்டும், ஆனால் ஒற்றையாக. தமிழில் சொல்லுக்கு நடுவே அப்படி ஒரு த கிடையவே கிடையாது. ஒற்றை என்றால் மெலியும், வலுவாக வேண்டுமென்றால் இரட்டிக்கும். அதனால் தமிழ் நாக்கு தாகத்தை ஏழாக்கும், இல்லையென்றால் அலுவலகமாக்கும். க, ப இரண்டும் சேர்ந்துகொண்டு இதே தொல்லையைக் கொடுக்கும்.

நான் கண்டுபிடித்த வழி: இரண்டு விரலைத் தொண்டைக் குழியின்மேல் வையுங்கள். 'சே' என்று நீட்டிச் சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, 'தேன்' என்று புதிதாகத் தொடங்குங்கள். நிறுத்தும் இடத்தில் தொண்டையின் அதிர்வு அறுபடும். இப்போது அந்த இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்; அதிர்வு அறுபடுவது மட்டும் மாறக்கூடாது. 'ன்'னைக் கடைசியில் கழற்றிவிடுங்கள். தினமும் பத்து நிமிடம், மூன்று வாரம். பஸ்ஸில் செய்யாதீர்கள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு 'சே, தேன்' என்று சொல்லும் ஆளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகிவிடுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு எச்சரிக்கை: இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். நான் இங்கே வேறு வழியில்லாமல் எழுதுகிறேன், என்னைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். என்னுடைய முதல் நோட்டு முழுக்கத் தமிழ் எழுத்துதான். அதை மூடிவைக்கச் செய்தது ஒரு கையுறை.

பயிற்சி டேனரியின் ஸ்டோரில் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். ரப்பர் கையுறை வாங்கப் போனேன். 'குவாந்தி' என்றேன். அவர் திரும்பி, 'குவாந்தி?' என்றார். ஆமாம், குவாந்தி என்றேன். அவர் மறுபடியும் 'குவாந்தி?' என்றார். இந்தக் கிளிப்பேச்சு நான்கைந்து முறை நடந்தது. பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. நான் சொன்னது மெல்லோசையில் தொடங்கும் 'கையுறை'. அவர் கேட்டது வல்லோசையில் தொடங்கும் 'எத்தனை'. அறைக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். 12ஆம் பக்கத்தில் கையுறை, 'குவாந்தி'. 19ஆம் பக்கத்தில் எத்தனை, 'குவாந்தி'. அன்றிரவே புது நோட்டு வாங்கி ரோமன் எழுத்துக்கு மாறினேன். வாசிக்கும் வேகம் பாதியானது, ஆனால் காது திறந்தது.

சாந்தா க்ரோச்சே இருக்கும் தஸ்கனி மாநிலத்துப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். புத்தகத்தில் 'காசா' என்று படித்த வீடு அங்கே 'லா ஹாசா' ஆகிவிடும். இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட 'க' அவர்கள் வாயில் 'ஹ' ஆகிறது, சிலர் வாயில் அதுவும் இல்லை. உலகமறிந்த அந்தக் குளிர்பானத்தை 'ஹோஹா ஹோலா' என்பார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. 'பியாச்சே' அங்கே 'பியாஷே'. மற்றவர்கள் இதைக் கேட்டு மிரளுகிறார்கள். நாமோ 'பகல்' என்று எழுதிவிட்டு 'பஹல்' என்று சொல்கிறவர்கள். எனக்கு அது பேச்சுவழக்கு மாதிரியே தோன்றவில்லை, சொந்த ஊர்மாதிரி தோன்றியது.

எ, ஒ ஒலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் எழுத்தில் பிரித்துக் காட்டியதை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம். அவர் 1680இல் மாந்துவாவுக்கு அருகே காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில் பிறந்த இத்தாலியர். அவருடைய தாய்மொழியிலோ எ, ஒ ஒவ்வொன்றுக்கும் வாய் விரிந்து ஒன்று, குவிந்து ஒன்று என இரண்டு ஒலி உண்டு, எழுத்து ஒன்றுதான். 'பொத்தே' என்பதைக் குவித்துச் சொன்னால் பீப்பாய், விரித்துச் சொன்னால் அடி உதை. தொடங்குகிறவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இத்தாலியிலேயே ஊருக்கு ஊர் மாறுகிறது.

இனி, தமிழ் கைவிடும் இடங்கள். பசியும் வயதும் அங்கே 'எனக்கு' வகையில் சேராது. 'பசி வைத்திருக்கிறேன்', '42 ஆண்டு வைத்திருக்கிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அதை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். பால் வேறுபாடு அப்படியல்ல. நமக்கு அஃறிணை என்றால் அஃறிணை. நாற்காலி ஆணா பெண்ணா என்று யோசித்து யாரும் உட்காருவதில்லை. அங்கே மேசை ஆண், நாற்காலி பெண். ஓகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், ஆகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் பெண், ஏகாரத்தில் முடிந்தால் எதுவாகவும் இருக்கலாம். 'கை' ஓகாரத்தில் முடிந்தும் பெண், 'சிக்கல்' ஆகாரத்தில் முடிந்தும் ஆண். எங்கள் தொழிலில் ஒரு சௌகரியம் இருந்தது. சதை நீக்கும் இயந்திரம், தோலைச் சீவி மெலிதாக்கும் இயந்திரம் எல்லாம் பெண்கள். பதனிடும் டிரம் மட்டும் ஆண், அவர்களுக்குள் இருக்கும் மோட்டாரும் ஆண். தோலின் மேற்புறத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபியோரே', பூ என்று பொருள். பூவும் ஆண்தான். இதில் நியாயம் தேடிப் பயனில்லை.

வழி என்னவென்றால், எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாகப் படிக்கக்கூடாது. முன்னால் வரும் 'இல்', 'லா' போன்ற குறிச்சொல்லோடும் பின்னால் வரும் ஒரு நிறத்தோடும் சேர்த்தே படிக்க வேண்டும். 'தோல்' என்று படிக்காமல் 'லா பெல்லே நேரா', கறுப்புத் தோல், என்று படியுங்கள். நோட்டில் ஆணுக்கு நீல மை, பெண்ணுக்குச் சிவப்பு மை. ஆண்பால் பன்மைக் குறிச்சொல் எனக்குப் படிந்தது பாதுகாப்புப் பலகையால்தான். கூடத்தின் வாசலில் தினமும் பார்ப்பேன்: ஈ குவாந்தி, கையுறைகள், ல்யீ ஸ்திவாலி, பூட்ஸ்கள், ல்யீ ஒக்கியாலி, கண்ணாடி, லே ஸ்கார்ப்பே, காலணிகள். மெய்யில் தொடங்கினால் 'ஈ'. 'ஸ்' ஒரு மெய்யோடு சேர்ந்து தொடங்கினாலும், உயிரில் தொடங்கினாலும் 'ல்யீ'. பெண்பாலுக்கு 'லே'. ஒரு பலகையில் மொத்த இலக்கணமும் தொங்கியது. உங்கள் வீட்டிலும் அப்படி நான்கு பொருளைத் தேர்ந்து கதவில் ஒட்டிவையுங்கள்.

அந்த 'ஸ்' பற்றி இன்னும் சொல்ல வேண்டும், எனக்கு அது சாயத் தண்ணீரைச் செலவாக்கியது. பல வினைச்சொற்களின் தலையில் 'ஸ்' ஏறினால் பொருள் தலைகீழாகும். 'மொந்தாரே' பூட்டுவது, 'ஸ்மொந்தாரே' கழற்றுவது. 'ப்ளொக்காரே' அடைப்பது, 'ஸ்ப்ளொக்காரே' விடுவிப்பது. 'காரிக்கா' என்றால் ஏற்று, 'ஸ்காரிக்கா' என்றால் இறக்கு. ஒருநாள் டிரம் பக்கத்தில் நின்றிருந்தேன். மேற்பார்வையாளர் கூடத்தின் மறுகோடியிலிருந்து, இப்போது ஏற்று என்று கத்தினார். தஸ்கனி வாயில் முதல் 'க' தேய்ந்து 'ஹாரிஹா' என்று வந்தது. இயந்திர இரைச்சலில் அந்த 'ஹ' எனக்கு 'ஸ்' என்று கேட்டது. வால்வைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் கலக்கி ஊற்றிய பழுப்புச் சாயம் முழுவதும் என் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு வடிகாலுக்குப் போனது. அவர் திட்டியதில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, அது ஒரு ஆறுதல். அன்றிலிருந்து, கட்டளையைக் கேட்டதும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவேன். மொழி கற்கிற எவருக்கும் இது நல்ல பழக்கம்.

கடந்த காலத்துக்குப் புத்தகத்தில் பல வடிவம் இருக்கும். முதல் ஆண்டுக்கு ஒன்று போதும். 'ஓ மஞ்ஜாத்தோ' என்றால் சாப்பிட்டேன், 'சோனோ அந்தாத்தோ' என்றால் போனேன். பெரும்பாலான வினைகள் முதல் வகை. போதல், வருதல், நுழைதல், வெளியேறுதல், ஏறுதல், இறங்குதல், விழுதல், தங்குதல், பிறத்தல், இறத்தல் போன்றவை இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் போனவர் பெண் என்றால் 'அந்தாத்தா'. இந்தப் பத்துப் பதினைந்தையும் மனப்பாடம் செய்வதைத் தவிரக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. நான் தொலைபேசியில் பிழையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம், 'லா மாக்கினா சி ஏ ஃபெர்மாத்தா', இயந்திரம் நின்றுவிட்டது. வருத்தமான செய்தி, நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மரியாதை விஷயத்தில் தடுமாறாத தமிழர் இருக்க மாட்டார். நாம் ஒருவரைப் பன்மையாக்கி மரியாதை தருகிறோம். அவர்கள் எதிரில் நிற்பவரை 'லெய்' என்பார்கள், 'அவள்' என்ற அதே சொல். கடையில் முதன்முதலாக என்னிடம் அப்படிப் பேசியபோது, எந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். தெரியாதவர், அலுவலகத்தார், மருத்துவர், முதியவர் எல்லோருக்கும் 'லெய்'. மன்னிப்பும் இரண்டு வகை: நீ என்றால் 'ஸ்கூசா', நீங்கள் என்றால் 'ஸ்கூசி'. ஆனால் தொழிற்கூடத்துக்குள் போய்விட்டால் எல்லோரும் எல்லோருக்கும் 'தூ', அதாவது 'நீ'. அந்த ஸ்டோர்க்காரர் மூன்றாம் நாளே 'லெய்' வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். அறுபது வயதுக்காரரை நீ என்று கூப்பிட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. 'தூ' என்று சொல்லும்போதெல்லாம் தலையைச் சற்றுக் குனிந்துகொள்வேன். அவருக்கு அது ஏனென்று கடைசிவரை புரியவில்லை.

கேட்பதற்கு, இத்தாலிய அரசு நிறுவனமான ராயின் வானொலியைக் கைப்பேசியில் இலவசமாகக் கேட்கலாம். செய்திகளை முதலில் விட்டுவிடுங்கள், ஓட்டம் அதிகம். 'ஓந்தா வேர்தே' என்ற சாலைப் போக்குவரத்து அறிவிப்பைப் பிடியுங்கள். சொல்வளம் நூறுக்கு மேல் போகாது. விபத்து, மூடப்பட்டது, இன்ன ஊர் திசையில், இத்தனை கிலோமீட்டர் வரிசை. திரும்பத் திரும்ப இவைதான். வரிசைக்கு அவர்கள் சொல்லும் சொல் 'வால்'. ஆம்பூருக்குப் பஸ்ஸில் போய்வரும் நேரத்தில், மிலானோவிலிருந்து நாப்போலி வரை போகும் நெடுஞ்சாலையில் எங்கே எத்தனை கிலோமீட்டர் வால் என்று எனக்கு அத்துப்படியாக இருந்தது.

அங்கேயே தங்கப் போகிறவர்கள் தேர்வையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி, நீண்டகால வசிப்பு அனுமதிக்கு ஏ2 நிலையும், 2018 சட்டத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு பி1 நிலையும் கேட்கிறார்கள். சியேனா அயலார் பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு 'சில்ஸ்', பெரூஜா அயலார் பல்கலைக்கழகம் நடத்துவது 'செலி', தாந்தே அலிகியேரி சங்கம் நடத்துவது 'ப்ளீதா'. இத்தாலியில் ஒவ்வொரு வட்டாரத்திலும் பெரியவர்களுக்கான அரசுக் கல்வி மையங்கள் உண்டு. கட்டணமில்லாமலோ சிறு கட்டணத்திலோ மாலை வகுப்பு கிடைக்கும். தனியார் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் அங்கே போய்க் கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பும் வாரத்தில், எங்கள் கூடத்துப் பையன்களுக்குக் கொண்டுபோகலாம் என்று ஸ்டோரில் போய்க் கையுறை கேட்டேன். பெரியவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு வேண்டுமென்றே மெதுவாக, 'குவாந்தி குவாந்தி?' என்றார். இரண்டும் வேறு வேறாகத் தெளிவாகக் கேட்டன. 'செத்தே பாயா' என்றேன், ஏழு ஜோடி. ஜோடி என்ற சொல் ஒருமையில் ஆண், பன்மையில் பெண். அந்தக் கண்டத்தையும் தாண்டிவிட்டேன். அவர் மேசைமேல் ஒவ்வொரு ஜோடியாக எண்ணி வைத்தார். நானும் கூடவே எண்ணினேன். ஏழு இருந்தது.